உப்பு பங்களாத் தொட்டியும் அஞ்சலையின் கையும்

என்னைப் பற்றி உங்களிடம் யாராவது நல்லபடியாகச் சொல்லியிருந்தால் அதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். முப்பத்தைந்து வருடம் தண்ணீர்த் தொட்டி கட்டியும் குழாய் போட்டும் காலம் தள்ளியவன் நான். படித்தது டிப்ளமாதான். ஆனால் சைட்டில் எல்லோரும் இன்ஜினியர் சார் என்பார்கள், நானும் திருத்த மாட்டேன். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். மரக்காணத்திலிருந்து வானூர் வரைக்கும் என்னிடம் திட்டு வாங்காத மேஸ்திரி ஒருவர் இருந்தால் அவர் என்னிடம் வேலை செய்யாதவராக இருப்பார். நான் கட்டிய தொட்டிகள் எல்லாம் இன்றைக்கும் நிற்கின்றன, அது உண்மைதான். ஆனால் அதில் ஒன்று நிற்பதற்கு நான் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஜல்லி எத்தனை, மணல் எத்தனை, கம்பி என்ன அளவு என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட அதிகம் படித்திருக்கிறீர்கள். தெரியாவிட்டால் போனைத் தடவித் தெரிந்துகொள்வீர்கள். போனில் கிடைக்காத ஒரு காலை நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டி ஒரு பழைய பங்களா இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு அதிகாரி குடியிருந்த வீடு. சுற்றுப்பட்டு ஜனங்கள் இன்றைக்கும் அதை உப்பு பங்களா என்றுதான் சொல்கிறார்கள். கை மாறிக் கை மாறி அது ஒரு அறக்கட்டளையிடம் வந்து, நான் சொல்லும் காலத்தில் பெண் பிள்ளைகள் விடுதியாக இருந்தது. உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், உள்ளே இருக்கும் கிராமங்களில் விவசாயக் கூலிகள் வீட்டுப் பிள்ளைகள் என்று அறுபது பேர் தங்கிப் படித்தார்கள்.

பங்களாவின் பின்னால் நான்கு செங்கல் தூண்கள், அவற்றின் மேல் ஒரு இரும்புத் தொட்டி. தகடு தகடாகச் சேர்த்து ஆணி அறைந்து செய்த அந்தக் காலத்துத் தொட்டி. தூண்களுக்கு நடுவே நிழலாக இருக்கும் இடத்தில் தளம் போட்டு, தடுப்பு வைத்து, பிள்ளைகள் குளிக்கும் இடமாக்கியிருந்தார்கள். தொட்டியின் அடித்தகடு வறுத்த அப்பளம் போல உதிர ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்த பிள்ளையின் தோளில் ஒரு துண்டு விழுந்து காயம் பட்ட பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் போய்ப் பார்த்தபோது எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பதுதான் என் யோசனை. விடுதியின் தாளாளர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மெல்லிய குரலில்தான் பேசுவார், ஆனால் ஒரு அங்குலம் நகர மாட்டார். “தூண் நல்லாத்தானே இருக்குது? அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். அவரைச் சமாதானப்படுத்த உளியை எடுத்துத் தூணைத் தட்டிக் காட்டினேன், பொலபொலவென்று கொட்டும் என்ற நம்பிக்கையில். கணீரென்று சத்தம் வந்தது. நான்கு தூணும் அப்படியே. அந்த உப்புக் காற்றில் நம் ஆட்கள் கட்டிய மதில்கள் பத்து வருடத்தில் பல்லிளித்துக்கொண்டு நிற்கின்றன. அதே காற்றில் அந்தத் தூண்கள் சின்ன வெடிப்புகூட இல்லாமல் நின்றன. கட்டியவர்கள் யாரென்று ஒரு குறிப்பும் இல்லை. நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திட்டத்தை மாற்றினேன். தூண்கள் இருக்கும், இரும்புத் தொட்டி இறங்கும், தூண்களின் மேல் உத்தரமும் தளமும் கான்கிரீட்டில் போட்டு, அதன் மேல் புதுத் தொட்டி.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கான்கிரீட்டில் உப்பு சேர்ந்தால் வெளியே எதுவும் காட்டாது. பார்க்கக் கல் போல இருக்கும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். சில வருடம் கழித்துக் காரை பெயரும், அப்புறம் ஒரு நாள் உத்தரமே விட்டுவிடும். இங்கே உத்தரத்துக்கு மேலே தொட்டி நிறையத் தண்ணீர், கீழே குளிக்கும் பிள்ளைகள்.

அதனால்தான் பங்களாக் கிணற்றுத் தண்ணீரை நான் தொடவில்லை. கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு போர் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, நல்ல தண்ணீர் என்று எழுத்தில் வாங்கி ஃபைலில் வைத்தேன். டேங்கர் லாரியில் அங்கிருந்து கொண்டுவர ஏற்பாடு. அந்த ஒரு காகிதம் கையில் இருக்கிறதென்று நிம்மதியாகத் தூங்கினேன் பாருங்கள், அதுதான் என் முதல் தப்பு. நான் பரிசோதித்தது கிணற்றை. டேங்கரை இல்லை.

வேலைக்காக விடுதியை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தீபாவளி முடிந்ததும் திறப்பதாகத் தாளாளர் அம்மா பெற்றோரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு ஒரு பயம் இருந்தது, அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். “பொண்ணுங்க வீட்டுல ரொம்ப நாள் இருந்துச்சுன்னா திரும்பி வராது சார். எங்கயாவது வேலைக்கு அனுப்பிடுவாங்க.” மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. அதற்குள் தளம் போட்டாக வேண்டும்.

தளம் போடும் நாள் வந்தது. மேஸ்திரி ஏழுமலை, இருபது ஆட்கள், ஒரு மிக்சர் மெஷின். ஏழுமலை மரக்காணத்துக்காரர், என்னோடு பத்து வருடமாக இருந்தவர். சித்தாள்களில் பாதிப் பேர் உப்பளத்துப் பெண்கள். மழை இறங்கினால் பாத்தியில் உப்பு கரைந்துவிடும், அளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் அவர்கள் கட்டட வேலைக்கு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். அவர்களில் ஒருவர்தான் அஞ்சலை. முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். எட்டாவது படிக்கும் அவருடைய ஒரே மகள் அந்த விடுதியில்தான் இருந்தாள். அந்த இடத்துக்காகத் தாளாளர் அம்மாவின் வாசலில் அவர் இரண்டு வருடம் நடையாய் நடந்திருக்கிறார்.

காலை எட்டு மணிக்கு டேங்கர் வந்து டிரம்களை நிரப்பியது. வேலை ஆரம்பிக்கும் முன் பெண்கள் கை கால் கழுவினார்கள். அஞ்சலை டிரம்மில் கையை விட்டார், உடனே எடுத்துவிட்டார். மறுபடியும் விட்டார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

“சார், இந்தத் தண்ணி சரியில்லைங்க.”

“ஏன், என்னம்மா?”

“உப்புத் தண்ணிங்க.”

அன்றைக்கு நான் நாலு மணிக்கு எழுந்தவன். கிழக்கே கடல் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பொறுமையாகத்தான் ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நல்ல தண்ணிதான்” என்றார். நானும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, கொப்பளித்து, குடித்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. லாரி டிரைவரைக் கேட்டேன். “அதே போர்தான் சார்” என்று தலையில் கை வைத்துச் சொன்னார்.

“எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. உனக்கு மட்டும் எப்படிம்மா உப்பாத் தெரியுது?”

அஞ்சலை இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். வருடக்கணக்கில் உப்பு வாரிய கைகள். ரேகை எது, வெடிப்பு எது என்று சொல்ல முடியாது. சில வெடிப்புகளுக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

“கை எரியுதுங்க. காய்ஞ்சா வெடிப்பு இழுக்குது. நேத்து வந்த தண்ணியில எரியலைங்க.”

“சிமெண்ட்டுல கையை விட்டா எரியாம என்ன செய்யும்?”

“நான் இன்னும் சிமெண்ட்டத் தொடவே இல்லைங்களே.”

நியாயமான பதில். நியாயமான பதில் வந்தால் கோபம் அதிகமாகும் ஜாதி நான். “வேலையைப் பாரும்மா, மழை வருது” என்று கத்திவிட்டு மெஷினைப் போடச் சொன்னேன். இது இரண்டாவது தப்பு. முதல் தப்பு தெரியாமல் செய்தது. இதை ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லியும் செய்தேன்.

முதல் கலவை வந்தது. அஞ்சலையின் தலையில் சட்டியை ஏற்றினார்கள். சாரத்தின் படிவரை போனவர் நின்று, சட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

“இத்த நான் தூக்க மாட்டேன் மேஸ்திரி.”

ஏழுமலைக்கு ஆட்கள் முன்னால் மானம் போய்விட்டது. “தூக்கலைன்னா வீட்டுக்குப் போ. நாளையில இருந்து வராத” என்றார்.

அஞ்சலை சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் அதற்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை. கான்கிரீட் போடும் நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, உங்களுக்கும் போகப் போகத் தெரியும். ஒரு முறை ஆரம்பித்தால் முடித்துத்தான் ஆக வேண்டும், நடுவில் விட்டால் ஒட்டாது. அந்த வேகத்தில் இரண்டு உத்தரம் நிறைந்து, தளத்தில் மூன்றில் ஒரு பங்கு போட்டாகிவிட்டது.

அப்போது அஞ்சலை திரும்பி வந்தார். வீட்டுக்குப் போயிருக்கவில்லை. விடுதிச் சமையலறைக்குப் போயிருந்தார். பிடித்துணி சுற்றிய இரண்டு தாளிப்புக் கரண்டிகள் கையில் இருந்தன. பின்னால் தாளாளர் அம்மாவும் வந்தார். அஞ்சலை கரண்டிகளைச் சிமெண்ட் மூட்டை மேல் என் முன்னால் வைத்தார்.

“இது நேத்து தண்ணிங்க, பின்னாடி டிரம்முல மிச்சம் இருந்தது. இது இன்னிக்கு வந்தது. ரெண்டையும் அடுப்புல வெச்சு வத்தவிட்டேன்.”

முதல் கரண்டியில் லேசாகத் தூசி படிந்தது போல ஒரு வளையம். இரண்டாவது கரண்டியின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. ஆள்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கசப்பு கலந்த உப்பு.

ஏழுமலையும் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் கறுத்துவிட்டது. “நான் குடிச்சுப் பார்த்தேனே சார்” என்றார் பரிதாபமாக.

“உங்க மேல தப்பு இல்ல மேஸ்திரி” என்றார் அஞ்சலை. “நம்ம ஊர்ல பொறந்ததுல இருந்து குடிக்கிறதே உப்புத் தண்ணி. நம்ம நாக்குக்கு எப்படித் தெரியும்? எனக்கும் நாக்குல வெச்சா தெரியாது. கைக்குத்தான் தெரியுது.”

உண்மைதானே. குடித்துப் பார்த்த இரண்டு பேரும் அந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். வெளியூர்க்காரன் ஒருத்தன் குடித்திருந்தால் முதல் வாயிலேயே துப்பியிருப்பான். எல்லோர் நாக்கும் ஒரே மாதிரி பழகிப்போன இடத்தில் நாக்கைக் கேட்டு முடிவு செய்தேன். ஃபைலில் அரசு முத்திரை போட்ட காகிதம் வைத்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத அந்த அம்மாவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடாமல், நான் நம்புகிற மாதிரி நிரூபிக்க வேண்டும் என்றும் தோன்றியிருக்கிறது.

டிரைவரைக் கூப்பிட்டேன். லாரியை நகர்த்தாமல் அங்கேயே நின்றிருந்தார். கீழ்புத்துப்பட்டில் கரண்ட் இல்லை, எட்டு மணிக்குள் வரச் சொல்லியிருந்தீர்கள், வழியில் கழுவெளி உப்பங்கழிப் பக்கம் ஒரு வயல் கிணற்றில் நிரப்பினேன், குடித்துப் பார்த்துத்தான் நிரப்பினேன் என்றார். அவரும் இந்த ஊர் நாக்குதான். ஓங்கிய கையை இறக்கிவிட்டேன்.

வானூரில் இருந்த எங்கள் காண்ட்ராக்ட் முதலாளிக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னார். “ஏம்பா, பாதி போட்டாச்சு இல்ல? மிச்சத்தையும் போட்டு முடிச்சிடு. பத்து வருஷம் தாங்கும். அதுக்கப்புறம் யார் வந்து கேக்கப் போறாங்க?”

உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது? ஒரு நிமிடம் நானும் அதைத்தான் யோசித்தேன். போட்டதை வாரிக் கொட்டினால் மறுபடி சாமான் வர வேண்டும், மழை இடைவெளி விட வேண்டும். ஒன்றரை மாதம் தள்ளிப் போகும். தாளாளர் அம்மா கொடுத்த வாக்கு போகும், பிள்ளைகளில் யார் யார் திரும்பி வராமல் போவார்களோ. முடித்துவிட்டால் இன்றைக்கு எல்லோருக்கும் நல்லது. பத்து வருடம் கழித்து அங்கே யார் குளித்துக்கொண்டிருப்பார்களோ, அவர்கள் முகம் எனக்குத் தெரியாது.

தாளாளர் அம்மாவிடம் இரண்டு வழியையும் மறைக்காமல் சொன்னேன். அவர் அஞ்சலை பக்கம் திரும்பினார்.

“உன் பொண்ணும்தானே வீட்டுல இருக்குறா. லேட்டானா அவளுக்கும்தான் படிப்பு போகும்.”

“ஆமாங்கம்மா” என்றார் அஞ்சலை. “ஆனா இதுக்கு அடியில நின்னு குளிக்கப் போறதும் அவதானுங்களே.”

குரலை உயர்த்தவில்லை. எந்த அம்மாவின் தயவில் மகளுக்கு இடம் கிடைத்ததோ அந்த அம்மாவுக்கு எதிரில் நின்று சொன்னார். அன்றைய கூலி ஏற்கெனவே போய்விட்டிருந்தது, மறுநாள் வேலையும் போயிருந்தது. மகளின் இடமும் போகலாம் என்று தெரிந்தே சொன்னார். இருபது ஆட்கள், ஒரு டிப்ளமா, ஒரு மேஸ்திரி, அத்தனை பேரும் வாய் மூடி நின்ற இடத்தில் அவர் ஒருத்தர்தான் பேசினார்.

தம்பிகளே, தங்கைகளே, வேலையை நிறுத்து என்று ஒருவர் சொன்னால் அவர் யார், என்ன படித்தவர் என்று பார்க்காதீர்கள். நிறுத்தினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். கைப்பொருள் எல்லாம் போகும் என்று தெரிந்தும் ஒருவர் சொல்கிறார் என்றால், நீங்கள் மெஷினை அணைத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

நான் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். “எல்லாத்தையும் வாரிக் கொட்டுங்க” என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறியபோது எனக்கு முன்னால் ஏழுமலை ஏறிக்கொண்டிருந்தார். தன் கையால் இழுத்துச் சமன் செய்த தளத்தைத் தானே முதல் ஆளாக வெட்டினார். தான் போட்ட வேலையைத் தானே அழிப்பது மேஸ்திரிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. அவரையும் நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

இறுகுவதற்குள் எடுக்க வேண்டும். பெண்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கீழே இறக்கினார்கள். அஞ்சலையும் வரிசையில் வந்து நின்றுகொண்டார். போகச் சொன்ன ஏழுமலையே அவர் தலையில் சட்டியை ஏற்றினார். பதினோரு மணிக்கெல்லாம் உத்தரம் காலியாகிவிட்டது. ஆனால் கம்பியெல்லாம் உப்புக் கலவை ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவ நல்ல தண்ணீர் இல்லை, பின்னாலிருந்த டிரம்மில் கால்வாசிதான் மிச்சம். என்ன செய்வது என்று யோசிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் பழக்கத்தில் தார்ப்பாயை இழுத்துத் தளத்தின் மேல் மூட ஓடினார்கள்.

“மூடாதீங்க. நனையட்டும்” என்றார் அஞ்சலை கீழே இருந்து. “மழைத் தண்ணியில உப்பு ஏதுங்க?”

அத்தனை நாளாக எந்த மழை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேனோ அந்த மழையில், இருபது பேரும் துடைப்பத்தையும் கம்பிப் பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு கம்பி கம்பியாகத் தேய்த்துக் கழுவினோம். மழை விட்டுவிடுமோ என்று வேறு பயமாக இருந்தது. ஏழுமலை மேலே இருந்து, “நல்லாப் பெய்யட்டும் சார், நம்ம பாவமும் சேர்ந்து போகட்டும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காலையிலிருந்து யாரும் சிரித்திருக்கவில்லை.

தாளாளர் அம்மா சொன்ன தேதியில் விடுதியைத் திறந்துவிட்டார். தரையில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, பிள்ளைகள் பக்கெட்டில் தண்ணீர் தூக்கிக்கொள்ளட்டும் என்றார். இந்த யோசனை எங்களுக்கு முதலிலேயே வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரிடம் பேசியவரும் அவரே. அப்படியும் பத்தாவது படித்த ஒரு பிள்ளை வரவில்லை. தொட்டி வேலை முடியவில்லை என்று கேள்விப்பட்டதுமே பஞ்சு மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கணக்கு என் பேரில்தான் இருக்கிறது. டேங்கர் தண்ணீரை நான் சோதித்து வாங்கியிருந்தால் அந்தப் பிள்ளை படித்திருக்கும்.

மழை விட்ட ஒரு வாரத்தில் மறுபடியும் தளம் போட்டோம். முதலாளி என்னோடு பேசாமல் இருந்த வாரம் அது. ஒவ்வொரு டேங்கர் வந்து நிற்கும்போதும் ஏழுமலை, “அஞ்சலம்மா, வந்து கையைக் காட்டுங்க” என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அவர் கை வைத்து, தலையை ஆட்டி, அப்புறம் ஒரு கரண்டித் தண்ணீர் அடுப்பில் ஏறி வற்றிய பிறகுதான் மெஷின் சுற்றும். தொட்டி நின்றது. தண்ணீர் ஏற்றிய நாளில் தாளாளர் அம்மா வால்வைத் திறக்க அஞ்சலையைத்தான் கூப்பிட்டார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு மகளைத் திறக்கச் சொன்னார். இன்றும் அந்த வழியாகப் போனால் இறங்கி உத்தரத்தின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். மயிரிழை வெடிப்பு இல்லை.

இதோடு முடித்தால் எனக்கு நல்ல பெயர். முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு பெரிய தொட்டி வேலை வந்தது, அதுவும் கடற்கரையை ஒட்டி. அதற்குள் நான் அஞ்சலையின் கையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தேன். எங்களிடம் ஒரு அம்மா இருக்கிறார், தண்ணீரில் கை வைத்தால் போதும், சொல்லிவிடுவார் என்று. தண்ணீர் சோதிக்கும் மீட்டர் வாங்கித் தருகிறேன் என்று முதலாளியே சொன்னபோதுகூட, அஞ்சலை இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்றேன். புது இடத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன்.

உப்பளத்தில் அவர் இல்லை. மகள் விடுதியில் பத்திரமாக இருக்கிறாள் என்ற தைரியத்தில், குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது என்றார்கள். அங்கே போனேன். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக வெளியே வந்தார், உட்காரச் சொன்னார், டீ போட்டுக் கொடுத்தார். மகள் பத்தாவது வந்துவிட்டாள், கணக்கில் முதல் மார்க் என்றார். கொஞ்சம் சதை போட்டு, முகத்தில் களை வந்திருந்தது.

நான் பாட்டிலைத் திறந்து அவர் உள்ளங்கையில் ஊற்றினேன். அவர் கையை மூடித் திறந்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். காற்றில் உலர விட்டுப் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியலையே சார்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். “ஆறிடுச்சுங்க. அளத்துக்குப் போறத விட்டதும் ஒவ்வொண்ணா ஆறிப்போச்சு. பாருங்களேன், எம் பொண்ணு கை மாதிரி இருக்குது.”

நன்றாக ஆறியிருந்தது. ஒரு வெடிப்புகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அடடா, கை போய்விட்டதே என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு என் முகத்தில் அப்படியே தெரிந்திருக்க வேண்டும்.

“கை ஆறிடுச்சுன்னு சொல்றேன், நீங்க ஏன் சார் மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க?” என்று கேட்டார் அஞ்சலை. கேலியாகத்தான் கேட்டார்.

பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரோடு எழுந்து, கரண்டி ஒன்று கொடுங்கள் அம்மா என்று கேட்டு வாங்கி, அவருடைய அடுப்பில் அந்தத் தண்ணீரை நானே வற்ற வைத்தேன்.